லைன்மேன் ஓய்வு பெறுகிறார். லைன் யாருக்குத் தெரியும்?

மின்வாரியத்தில் மூத்தவர்கள் வரிசையாக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதையொட்டிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களில் பலர் பணியில் இருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பள்ளத்தூர், உதவிப் பொறியாளர் ஒருவர்: என் பிரிவில் களப்பணியாளர்கள் 14 பேர். 6 பேர் நாலு வருஷத்துக்குள் ஓய்வு. புது ஆள் எப்போது வருவார் என்பது என் கையில் இல்லை. நான் எங்கிருந்து தொடங்குவது?

பெயருக்கு எதிரே ஓய்வுத் தேதியை எழுதி வைப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது பென்ஷன் வேலைக்கு உதவும், லைன் வேலைக்கு உதவாது. அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு மின் நிறுவனம் இதற்கென்று ஓர் எளிய கணக்கு வைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மதிப்பெண். முதலாவது, எவ்வளவு சீக்கிரம் போகிறார் என்பது: ஒரு வருஷத்துக்குள் என்றால் 5, இரண்டு வருஷம் என்றால் 4, இப்படியே இறங்கி, ஐந்து வருஷமோ அதற்கு மேலோ என்றால் 1. இரண்டாவது, அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும் என்பது: யாருக்குமே தெரியாது, எழுத்திலும் இல்லை என்றால் 5, எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றால் 1. இரண்டையும் பெருக்குங்கள். 20-ஓ அதற்கு மேலோ வந்தால் இந்த மாதமே வேலையைத் தொடங்க வேண்டும்.

பெருக்கிப் பார்த்தால்தான் கண் திறக்கும். எட்டு மாதத்தில் போகும் ஃபோர்மேனுக்கு முதல் மதிப்பெண் 5. ஆனால் அவர் வேலை இன்னும் இருவருக்குத் தெரியும் என்பதால் இரண்டாவது 2. மொத்தம் 10. மூன்று வருஷம் கழித்துப் போகும் லைன்மேனுக்கு முதல் மதிப்பெண் 3தான். ஆனால் ஊருக்கு வெளியே போகும் ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் லைன்) அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும், ஆகவே 5. மொத்தம் 15. பிரிவுபசார விழா ஃபோர்மேனுக்கு முதலில் வரலாம், உங்கள் கவனம் லைன்மேன் பக்கம் முதலில் போக வேண்டும்.

இதோடு இன்னொரு தாள் போடுங்கள். இடப்பக்கம் வேலைகள்: ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தின் மேல் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) சரிபார்ப்பது, கேபிள் ஜாயிண்ட், எர்த் அளப்பது, டிரான்ஸ்பார்மர் எண்ணெய் எடுப்பது, மீட்டர் சோதனை என்று இருபது இருபத்தைந்து வரும். மேலே பெயர்கள். தனியாகச் செய்வார் என்றால் முழு வட்டம், கூட ஆள் வேண்டும் என்றால் அரை வட்டம், தெரியாது என்றால் காலி. எந்த வரிசையில் ஒரே ஒரு முழு வட்டம் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. அந்த வட்டக்காரர் 35 வயதுக்காரராக இருந்தாலும் ஓட்டை ஓட்டைதான். அவருக்கு நாளை இடமாறுதல் வரலாம்.

மொத்தமாகப் போவது போல் தெரிவதற்கு ஒரு காரணம் ஓய்வு வயது. 58-ஆக இருந்தது 2020-இல் 59, 2021-இல் 60 என்று உயர்ந்தது. 2020 மே மாதம் போக வேண்டியவர் 2022 மே வரை இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் கிடைத்த அவகாசத்தைப் பல பிரிவுகள் சும்மா விட்டுவிட்டன. அதற்கு முன்பு நீண்ட காலம் ஆள் எடுப்பு மெதுவாக நடந்ததால் 50-க்கு மேல் ஒரு கூட்டம், 2021-இல் வந்த கேங்மேன்கள் (லைன் வேலைக்கு உதவும் களப்பணியாளர்கள்) ஒரு கூட்டம் என்று இருக்கிறது. நடுவில் நின்று கற்றுத்தர வேண்டிய வயதுக்காரர்தான் குறைவு. ஆகவே இடையில் ஆள் இல்லாமல், மூத்தவரிடமிருந்து நேரே இளையவருக்குப் போய்ச் சேரும்படி திட்டம் போட வேண்டும்.

கானாடுகாத்தான், லைன் இன்ஸ்பெக்டர்: எங்கள் மூத்த லைன்மேனுக்கு இன்னும் 14 மாதம். “தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கண்ணே” என்று நோட்டு வாங்கிக் கொடுத்தோம். அரைப் பக்கம்தான் எழுதினார். மறைக்கிறாரா?

மறைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு ஞாபகம் வராது, கம்பத்தடியில் நின்றால் வரும். நோட்டை அவரிடமிருந்து வாங்கிவிட்டு அவரோடு நடங்கள்.

ஒரு டிரான்ஸ்பார்மருக்கு ஒரு காலை. ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் திரும்பலாம். மூன்று பேர் போதும்: அவர், அடுத்துப் பொறுப்பேற்கிறவர், எழுதுகிற ஒருவர். எழுதுகிறவர் பிரிவுக்குப் புதியவராக இருந்தால் நல்லது. தெரியாதவர்தான் “இது ஏன் இப்படி” என்று கேட்பார். ஒவ்வொரு கம்பத்திலும் “இதைப் பற்றிச் சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். குறிப்பாகக் கேளுங்கள். வரைபடத்தில் இருப்பது போல் இல்லாதது எது? மழையில் முதலில் போவது எது? ஆடிக் காற்றில் எந்த ஸ்பேனில் (இரண்டு கம்பத்துக்கு இடையில்) கம்பிகள் உரசும்? கடைசியாக இங்கே எதை மாற்றினீர்கள், ஏன்?

என்னவெல்லாம் வரும் என்பதற்கு மூன்று உதாரணம்.

ஏ.பி. சுவிட்ச் கைப்பிடியை இறக்கினால் மேலே மூன்று பிளேடும் திறக்க வேண்டும். குழாய் லேசாக வளைந்தோ கிளாம்ப் நழுவியோ இருந்தால் இரண்டு திறந்து ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மூத்தவர் கைப்பிடி இறங்கிய பிறகும் கழுத்தை நிமிர்த்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். இளைஞர் கைப்பிடியை மட்டும் பார்ப்பார். எந்த சுவிட்ச் அப்படி ஏமாற்றும் என்பது மூத்தவருக்கு எண்ணோடு தெரியும். அந்த எண்ணை எழுதிக்கொள்வது மட்டும் போதாது, சுவிட்சைச் சரிசெய்யும் பட்டியலிலும் ஏற்றுங்கள்.

இரண்டாவது நம் ஊருக்கே உரிய சிக்கல். செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பங்காளிகள் பாகம் பிரித்தபோது மீட்டரும் இரண்டாகியிருக்கும். முன் மீட்டருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், பின் மீட்டருக்கு வேறொரு டிரான்ஸ்பார்மர். உள்ளே எப்போதோ ஒரு கல்யாணத்துக்கு இழுத்த ஒயர் கழற்றப்படாமல் இரண்டையும் இணைத்துக்கொண்டிருக்கும். முன் தெரு டிரான்ஸ்பார்மரை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறினால், பின் தெரு மின்சாரம் வீட்டுக்குள் புகுந்து முன் தெருக் கம்பிக்கு வரும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) இல்லாமல் மாட்டிய ஜெனரேட்டரும் இதே வேலையைச் செய்யும். அது டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் போய் எச்.டி. (உயர் அழுத்த) பக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக எழும். எந்தெந்த வீடு அப்படி என்று மூத்தவர் விரலை நீட்டிச் சொல்வார். கதவு எண்ணோடு எழுதுங்கள், பூட்டிய வீடாக இருந்தால் சாவி யாரிடம் என்பதும் சேர்த்து.

மூன்றாவது எர்த். நம் பக்கம் செம்புறாங்கல் தரை. மழைக்காலத்தில் ஈரம் பிடித்து அளவு நன்றாகக் காட்டும், பங்குனி சித்திரையில் காய்ந்துவிடும். டிரான்ஸ்பார்மர் எர்த் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். கார்த்திகையில் அளந்து பதிவேட்டில் எழுதினால் வருஷம் முழுக்க சரி என்று நினைத்துக்கொள்வோம். எந்த எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம். உங்களுக்கு அது பதிவேட்டில் வேண்டும்: மே மாதம் ஓர் அளவு, டிசம்பரில் ஓர் அளவு, பக்கத்துப் பக்கத்தில்.

எழுதியதை டிரான்ஸ்பார்மருக்கு ஒரு பக்கம் என்று சுருக்கி, கம்ப எண்ணோடு பிரிவுப் பதிவேட்டில் ஒட்டுங்கள். யாருடைய செல்போனிலாவது படமாகக் கிடந்தால் அவர் மாறுதலில் போகும்போது அதுவும் போய்விடும்.

ஆறு மாதம் கழித்து அதே லைனை மறுபடி நடக்க வேண்டும். இந்த முறை முன்னால் நடந்து சொல்ல வேண்டியவர் இளையவர். மூத்தவர் பின்னால் வாயைத் திறக்காமல் வர வேண்டும். விட்டுப்போனதைக் கடைசியில் மட்டும் சொல்லட்டும். எவ்வளவு கைமாறியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். பேசாமல் வருவது மூத்தவருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், பழக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

புதுவயல் வாசகர்: மாற்று ஆள் எத்தனை நாள் கூட இருந்தால் போதும்?

ஒரு முழு வருஷம். மூன்று மாதம் என்பது காகிதத்தில் சரியாகத் தெரியும், ஆனால் எந்த மூன்று மாதம்? மே மாத ஏ.சி. லோடில் ஃபியூஸ் போவது ஒரு வேலை. ஆடிக் காற்றில் தைலமரக் கிளையும் பனை மட்டையும் கம்பியில் விழுவது வேறு வேலை. ஐப்பசி மழையில் இன்சுலேட்டர் வெடிப்பது இன்னொன்று. மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாக் கூட்டம், ஆவணியில் பிள்ளையார்பட்டித் தேர் என்று தெருவில் தற்காலிக விளக்கும் உயரமான சப்பரமும் வரும்போது எந்த ஜம்பரை (இரண்டு லைனை இணைக்கும் சிறு கம்பியை) எத்தனை மணிக்குக் கழற்றுவது, எப்போது திரும்பப் போடுவது என்பது தனிப் படிப்பு. ஒரு சுற்று எல்லாவற்றையும் கூடவே நின்று பார்த்தவர்தான் அடுத்த சுற்றில் தனியாக நிற்க முடியும்.

தேவகோட்டை, கேங்மேனாகச் சேர்ந்த இளைஞர்: மூத்தவர் கையுறை போடுவதில்லை. “முப்பது வருஷமா இப்படித்தான் செய்றேன்” என்கிறார். அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

லைன் எங்கே போகிறது என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். லைனில் கை வைப்பதை விதிப்படி கற்றுக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் தப்பியது திறமையும் அதிர்ஷ்டமும் கலந்தது. அதில் எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி, அதன் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். எழுத்தில் கேட்டு, எண்ணோடு வாங்க வேண்டும். “பத்து மணிக்கு நிறுத்திடுவாங்க, நீ ஏறிக்கோ” என்று நேரத்தை நம்பி ஏறவே கூடாது. பத்து மணிக்கு நிறுத்தாமல் போனதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். சுவிட்ச் திறந்ததும் மூன்று பிளேடையும் கண்ணால் பாருங்கள். பூட்டுப் போட்டு, சாவியைக் கையில் வைத்து, எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். பிறகு டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று பாருங்கள்; அதற்கு முன்னும் பின்னும், மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து டெஸ்டரே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது எர்த் ராடு. முதலில் தரைப்பக்கம் இணைப்பு, அப்புறம் ராடைக் கம்பியில் மாட்டுவது. கழற்றும்போது தலைகீழ்: முதலில் கம்பி, கடைசியில் தரை. மாற்றிச் செய்தால் தொங்கும் ஒயரைப் பிடித்திருக்கும் உங்கள் கைதான் எர்த். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால், மேலே சொன்ன பின்கட்டு மீட்டரின் மின்சாரம் மறுபக்கத்திலிருந்து வரும். முடிந்ததும் ஆளையும் கருவியையும் எண்ணி, எர்த்தைக் கழற்றி, பிறகுதான் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுப்பது.

கையுறையில் வகுப்பு எண் அச்சிட்டிருக்கும். 0 என்றால் 1,000 வோல்ட் வரை, 2 என்றால் 17,000, 3 என்றால் 26,500. அது ஓட்டையாக இருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குத் தள்ளி, காதருகே வைத்து ‘உஸ்’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். விரல் இடுக்கில்தான் முதலில் வெடிக்கும். வண்டிப் பெட்டியில் மடித்துப் போட்டு வெயிலில் வைத்தால் சீக்கிரம் கெடும்.

மூத்தவரிடம் வாதம் வேண்டாம். “அண்ணே, எனக்குப் பயமா இருக்கு, நான் போட்டுக்கிறேன்” என்று சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை, லைன்மேன் ஒருவரின் மகள்: அப்பாவுக்கு 57 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. இன்னும் கம்பம் ஏறுகிறார். கேட்டால் சிரிக்கிறார். அலுவலகத்தில் என்ன கேட்கலாம்?

வயதை மட்டும் சொல்லிக் கேட்டால் அவருக்கும் பிடிக்காது, அலுவலகத்துக்கும் காரணமாகப் படாது. இடர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை இறக்கிவிடும். பிரேக்டவுன் வேலைக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது. கை நடுக்கம், வியர்வை, குழப்பம். வெயிலில் வியர்ப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. சட்டைப் பையில் கற்கண்டோ குளுக்கோஸோ இருக்க வேண்டும், கூட வேலை செய்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையில் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றலாம்; கம்ப உச்சியில் அது வரக்கூடாது. மருத்துவரிடம் போகும்போது ‘உயரத்தில் வேலை’ என்று சொல்லியே மாத்திரையைக் கேளுங்கள்.

யாரும் கவனிக்காத ஒன்று கண்ணாடி. மேலே தூரப் பார்வை, கீழே வாசிக்கும் பார்வை என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி போட்டிருந்தால், ஏணியில் இறங்கும்போது குனிந்து பார்க்கிற படி வாசிக்கும் பகுதிக்குள் விழுந்து மங்கலாகும், தூரமும் தப்பாகத் தெரியும். ஏணி வேலைக்குத் தூரப் பார்வை மட்டும் உள்ள தனிக் கண்ணாடி ஒன்று போதும். செலவு குறைவு, பலன் அதிகம்.

வெயில் விஷயத்தில், நீண்ட விடுப்பு முடித்துத் திரும்பியவரை முதல் நாளே முழு வெயிலில் விடக்கூடாது. பழகிய ஆளுக்கு முதல் நாள் பாதி, பிறகு 60, 80 சதவீதம் என்று ஏற்றி நாலாம் நாள் முழு வேலை. புதியவருக்கு முதல் நாள் 20 சதவீதத்தில் தொடங்கி ஒவ்வொரு நாளும் 20 கூட்ட வேண்டும். ஆகவே இது வயதானவருக்கான சலுகை அல்ல, எல்லோருக்கும் உள்ள முறை.

வேலை மாற்றம் கேட்கும்போது ‘லைட் டூட்டி’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். துணை மின் நிலையத்தில் இரவு ஷிப்டில் தனியாக உட்காருவது லேசான வேலை போலத் தெரியும். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் கெடும். லைன் ரோந்து, எர்த் அளப்பது, கீழே நின்று மேற்பார்வை, புதியவர்களுக்குப் பயிற்சி, இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் சிரிப்பதற்குக் காரணம் வேலை போய்விடும் என்ற பயமாகவும் இருக்கலாம். கற்றுக்கொடுக்கும் வேலை என்றால் சம்மதிக்க வாய்ப்பு உண்டு.

கோட்டையூர்: ஓய்வு பெற்றவரையே அவசரத்துக்குக் கூப்பிட்டுக்கொள்கிறோம். தவறா?

வழி கேட்கலாம், பாடம் கேட்கலாம். லைனில் ஏற விடுவதும், சுவிட்சைத் தொட விடுவதும், அவர் பெயரில் லைன் கிளியர் வாங்குவதும் தவறு. அங்கீகரிக்கப்பட்டவர் பட்டியலில் இல்லாதவர் விபத்தில் சிக்கினால் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பது பெரிய சிக்கலாகிவிடும். நட்பில் வந்த மனிதரை அந்த நிலையில் விடலாமா?

காரைக்குடி, துணை மின் நிலைய ஆபரேட்டர்: பேட்டரி அறையை இத்தனை நாள் ஒரே மூத்தவர் பார்த்தார். அடுத்த மாதம் அவர் போகிறார். எனக்குப் பதிவேடு மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

மின்வேதியியலுக்கென்றே 1948-இல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊர்க்காரர் பேட்டரிக்குப் பயப்படலாமா? ஆனால் கவலைப்படுவது சரி. ஏ.சி. சப்ளை போனாலும் பிரேக்கரை (பழுது வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சை) டிரிப் செய்ய வைப்பது அந்த பேட்டரிதான். அது செத்திருந்தால் லைனில் ஃபால்ட் வரும்போது ரிலே (ஃபால்ட்டைக் கண்டறியும் கருவி) சொல்லியும் பிரேக்கர் திறக்காது. டிரான்ஸ்பார்மர் வரைக்கும் சேதம் போகும்.

110 வோல்ட் பேங்க் என்றால் 2 வோல்ட் செல் 55 இருக்கும். ஃப்ளோட்டில் (எப்போதும் லேசாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நிலையில்) ஒவ்வொரு செல்லும் 2.15-லிருந்து 2.2 வோல்ட் வரை. மொத்தம் 118 முதல் 121. இந்த மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒரு செல் 1.9-க்கு இறங்கியிருந்தாலும் மொத்தம் சரியாகவே காட்டும். தனித்தனியாக அளக்க வேண்டும்.

ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டின் அடர்த்தி, முழுச் சார்ஜில் 27 டிகிரியில் 1.200 அளவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர் மே மாதம் 37 டிகிரியில் 1.193 காட்டினால் அது 1.200 தான், பயந்து பூஸ்ட் சார்ஜ் (கூடுதல் வோல்ட்டில் வேகச் சார்ஜ்) போட வேண்டாம். மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

பதிவேட்டை எடுத்து ஆறு மாதம் பின்னோக்கிப் பாருங்கள். 55 செல்லும் நாள்தோறும் மாறாமல் ஒரே எண்ணாக இருந்தால் அது அளந்தது அல்ல, முந்தைய பக்கத்தைப் பார்த்து எழுதியது. உண்மையான அளவு கொஞ்சமாவது ஆடும். அவர் போகுமுன் ஒரு நாள் அவரையும் வைத்துக்கொண்டு 55-ஐயும் புதிதாக அளந்து, அதிலிருந்து உங்கள் கணக்கைத் தொடங்குங்கள். இணைப்புப் பட்டைகளில் எது அடிக்கடி பச்சை பூக்கும், எந்த செல்லை எப்போது மாற்றினார் என்பதையும் அன்றே கேளுங்கள்.

சென்னையில் வசிப்பவர், சொந்த ஊர் ஆத்தங்குடி: எங்கள் வீட்டில் ஆச்சி மட்டும் இருக்கிறார். முன்னும் பின்னும் இரண்டு மீட்டர். புதிதாக வரும் லைன்மேனுக்கு எங்களால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து இரண்டு மீட்டருக்கும் இடையே உள்ளே எங்காவது இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன் மெயினை மட்டும் அணைத்துவிட்டு முன்கட்டு முழுக்கச் சோதிக்க வேண்டும், பிறகு பின் மெயினை அணைத்துப் பின்கட்டை. ஃபேஸ் மட்டுமல்ல, நியூட்ரலும் தனித்தனியாக இருக்க வேண்டும். தேக்குச் சட்டத்துக்குள் ஓடும் பழைய ரப்பர் ஒயர் தொட்டால் உதிரும். அதைச் சோதிப்பதைவிட மாற்றுவதே மேல். ஜெனரேட்டருக்கு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். இரண்டு மீட்டர் பலகையிலும் ‘இந்த வீட்டுக்குப் பின் தெருவிலும் மீட்டர் உண்டு’, ‘முன் தெருவிலும் உண்டு’ என்று பெயிண்டில் எழுதி, சாவி யாரிடம் என்பதையும் கீழே எழுதிவையுங்கள்.